நடுவில் வரும் மெதுவான பகுதி

எங்கள் கோயமுத்தூரில் ஒரு பிள்ளை மேடையில் வயலினைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றால் போதும், யாராவது ஒருத்தர் பொன்னாடையோடு மேலே ஏறிவிடுவார். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சின்ன வயதிலிருந்து மேற்கத்திய வயலின் படித்தாள். கணபதியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே வகுப்பு. கீழே பைப்பு வெட்டுகிற சத்தம், மேலே வயலின்கள் சுருதி சேர்க்கிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் மாடிப்படியில் நான். நான் ஒரு பம்புசெட் கம்பெனியில் புகார் கேட்கிற வேலையில் இருக்கிறேன். மோட்டார் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை என்று பல்லடத்திலிருந்தும் அந்தியூரிலிருந்தும் வருகிற போன்களுக்கெல்லாம் வாரம் முழுக்க "சொல்லுங்க, சொல்லுங்க" என்று இனிக்க இனிக்கப் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படியில் உட்கார்ந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சுகத்துக்காகத்தான் முதலில் போனேன். பிறகு வாசிப்பைக் கேட்பதற்காகவே போக ஆரம்பித்தேன்.

ஒருத்தர் நடுவில் நின்று வாசிக்க, ஆர்கெஸ்ட்ராவே கூடச் சேர்ந்துகொள்கிற கான்செர்ட்டோ என்றால் மேதைகள் வாசிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கென்றே எழுதிய சின்னக் கான்செர்ட்டோக்கள் இருக்கின்றன என்பது அந்தப் படியில் உட்கார்ந்துதான் தெரிந்தது. எப்போதோ ஐரோப்பாவில் இருந்த வயலின் வாத்தியார்கள் தங்கள் மாணவர்களுக்காக எழுதியவை. வயலின் கழுத்தைப் பிடித்திருக்கிற இடது கை இருந்த இடத்தை விட்டு மேலே ஏற வேண்டியதில்லை. கஷ்டமான ஓர் ஓட்டம் வந்தால் அதற்கு அடுத்தே மூச்சு வாங்க ஓர் இடம் வைத்திருப்பார்கள். நடுவில் நிற்கிற பிள்ளை வயலினாலேயே ஒரு கேள்வி கேட்கும், சுற்றி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்வார்கள். எழுதின ஆளுக்குப் பிள்ளைகளின் விரல் எங்கே வலிக்கும், மனசு எங்கே பயப்படும் என்பதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எங்கள் வகுப்பின் பட்டாளத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையில் கால் எட்டாத ஒருத்தி. சண்டை போட்டுக்கொண்டே சுருதி சேர்க்கிற அக்கா தங்கை. பெரிய வயலின் மாதிரி தரையில் நிறுத்தி வாசிக்கிற செல்லோவுக்குப் பின்னால் முகமே தெரியாத ஒரு குட்டி. இல்லாத வாத்தியத்துக்கெல்லாம் டீச்சரே கீபோர்டில் சமாளிப்பார். அங்கங்கே சுருதி பிசகும். ஒருத்தி அவசரப்பட்டு முன்னால் ஓடிவிடுவாள், மற்றவர்கள் அவளைப் பிடிக்க ஓடுவார்கள், எங்கேயோ ஓர் இடத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தச் சேருகிற இடம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. பெரிய ஆட்கள் வாசித்ததையும் போனில் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவர்கள் பிசகவே மாட்டேன் என்கிறார்கள். எனக்கு எங்கள் பிள்ளைகளே போதும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாது. காரமடையில் இருக்கிற என் நாத்தனார் ஒரு தடவை வந்து கேட்டுவிட்டு, "ஏனுங்க அண்ணி, ஆர்கெஸ்ட்ரான்னதும் நாலு சினிமாப் பாட்டு கேக்கலாம்னு வந்தேன். இது என்னங்க, ஆரம்பிச்சதும் தெரியல, முடிஞ்சதும் தெரியல" என்றாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊரே அப்படித்தான்.

முடிஞ்சது தெரியவில்லை என்பதுதான் இதில் பெரிய தலைவலி. ஒரு கான்செர்ட்டோவுக்கு மூன்று பகுதி. முதலில் வேகம், நடுவில் நிதானம், கடைசியில் மறுபடி வேகம். மூன்றும் சேர்ந்தால்தான் முழுசு. ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் அமைதி இருக்கும், அப்போது கை தட்டக் கூடாது. எங்கள் ஊரில் அமைதி என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கைதட்டல். கைதட்டினால் உடனே மரியாதை. ஆளை மேடையில் வைத்துக்கொண்டு மரியாதை செய்யாமல் இருக்க எங்கள் ஆட்களால் முடியவே முடியாது. முதல் ஆண்டு விழாவில் கொஞ்சம் பெரிய மாணவி ஒருத்தி வாசித்தபோதே இதைப் பார்த்தேன். அதற்கு அடுத்த வருஷம் வகுப்பை நடத்துகிற நிர்வாகியே முந்திக்கொண்டு, "நடுவுல இருக்கறது நெம்ப மெதுவாப் போகுதுங்க, ஜனங்க எந்திரிச்சுப் போயிருவாங்க, அத எடுத்துப்போடலாமுங்க" என்று எடுத்தே விட்டார். தலையிலேயே அடித்துக்கொண்டேன். எடுப்பதற்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா?

அந்த நடுப்பகுதிதான் எனக்கு உயிர். அதில் ஸ்வரங்கள் கொஞ்சம்தான். வில்லை நீளமாக, மெல்ல இழுக்க வேண்டும். தப்பு செய்தால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. என் மகள் வேகமானவற்றை எல்லோரையும் போலத்தான் வாசிப்பாள். மெதுவானதில் அவள் வேறு ஆள். வீட்டில் எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிற பெண்தானா இது என்று இருக்கும். படியில் உட்கார்ந்து முதன்முதல் அவள் அதை வாசிக்கக் கேட்டபோது கீழே கடைக்காரர்கூட மெஷினை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். அந்த மனுஷன் நிறுத்தவில்லை. பைப்பு வெட்டுகிற சத்தத்துக்கு நடுவே காதில் விழுந்த மட்டும் கேட்டேன். பிள்ளைகள் எல்லோரோடும் சேர்ந்து அவள் அதை முழுசாக வாசிக்க, சத்தம் இல்லாத இடத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்த வருஷத்தோடு அதற்கும் வழி இல்லை என்று ஆனது. பத்தாம் வகுப்பு முடிந்தது. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு இருக்கிற பள்ளியில் பதினொன்றாவது. டாக்டராக வேண்டும் என்று அவளும்தான் சொன்னாள், நாங்களும்தான் சேர்த்தோம். வயலினை உள்ளே விட மாட்டார்கள், படிப்பு மட்டும்தான். ஆண்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே வாரம் அவள் கிளம்ப வேண்டும்.

"நடுவுல இருக்கறது நல்லா இருக்குதுன்னுதான் இந்தக் கான்செர்ட்டோவ எடுத்தேன். உனக்கும் அதான புடிக்கும்" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. "இந்தத் தடவயாச்சும் முழுசா விடுவாங்களாம்மா?"

"விடாம என்ன? நான் பாத்துக்கறேன் கண்ணு" என்றேன்.

விழாவுக்கு முந்தின நாளே போய் நிர்வாகியைப் பார்த்தேன். தங்கமான மனுஷன். நாற்காலி போட்டு, காபி சொல்லி, எதிரில் நின்றுகொண்டே கேட்டார். மூன்று பகுதி இருக்கிறது, நடுவில் யாரும் மேடை ஏறக் கூடாது, கை தட்டினாலும் அடுத்தது வாசிப்பார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன்.

"ஆகட்டுங்க அம்மணி. அப்படியே பண்ணிப்போடலாமுங்க."

"மறந்துர மாட்டீங்களே?"

"நீங்க இவ்வளவு தூரம் வந்து சொல்லிப்போட்டு, மறப்பமாங்க?"

அப்போதே எனக்குச் சந்தேகம். எங்கள் ஊரில் இல்லை என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். முகம் சுளிக்காமல் "ஆகட்டுங்க" என்பார்கள். அது ஆகும் என்பதற்கும் அதேதான், ஆகாது என்பதற்கும் அதேதான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே இன்னும் வித்தியாசம் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. நல்ல முகூர்த்த நாள் வேறு. தலைமை விருந்தினர் ஒரு மில் முதலாளி. ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு தாமதமாக வந்தார், இன்னொரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு, எதிரில் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கும்பிடு. கோபப்படவே முடியாத முகம். அவருக்காகக் காத்திருந்து, விளக்கேற்றி, வரவேற்று, ஒரு வழியாக என் மகள் மேடைக்கு வந்தாள். பின்னால் அந்தப் பட்டாளம். கால் எட்டாதவளுக்கு யாரோ ஒரு செங்கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள்.

முதல் பகுதி அருமையாகப் போனது. அவசரக்காரி ஒரு முறை ஓடினாள், மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். கடைசி வில் இழுப்பு நின்றது. என் மகள் வயலினைத் தோளிலிருந்து எடுக்காமலே கண்ணை மூடினாள். அடுத்தது மெதுவானது.

மண்டபமே கை தட்டியது. நிர்வாகி மைக்கோடு ஓடி வந்தார். "மிக மிக அருமை! ஐயா அவர்கள் அடுத்த திருமணத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதால், இப்போதே நம் செல்வங்களைக் கௌரவிக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்!"

அட கடவுளே என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, உங்க பொண்ணுங்களா என்று சிரித்தார். முதலாளி மேலே ஏறினார். என் மகளுக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை அவள் மேலேயும் விழுந்தது, வயலின் மேலேயும் விழுந்தது, வில்லும் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் அப்படியே குனிந்து கும்பிட்டாள், வேறு என்ன செய்வாள்? அவரோ நல்ல மனுஷன், ஒரு பிள்ளையை மட்டும் கௌரவித்துவிட்டு மற்றதை விட மனசு வரவில்லை. "கூட வாசிச்ச கொழந்தைக அத்தன பேருக்கும் போடோணுமுங்க" என்றார். அத்தனை பேருக்கும் போட்டார்கள். செல்லோவுக்குப் பின்னால் இருந்த குட்டியைத் தேடிக் கண்டுபிடித்துப் போட்டார்கள். பிறகு பெற்றோர் மேலே ஏறிப் போட்டோ. பிறகு இசை மனசுக்கு எவ்வளவு நல்லது என்று பேச்சு. அவர் பேசி முடித்துப் போனதும் மேடையில் எல்கேஜி பிள்ளைகளின் டான்ஸ் ஆரம்பமாகிவிட்டது.

எனக்கு வந்ததே கோபம்! நேரே மேடைக்குப் பக்கவாட்டில் போய் நிர்வாகியைப் பிடித்தேன்.

"என்னங்க இது? பாதியிலயே முடிச்சிட்டீங்க!"

"ஏனுங்க அம்மணி, அதான் எல்லாரும் கை தட்டிட்டாங்களே?"

"கை தட்டுனா முடிஞ்சுதுன்னு அர்த்தமாங்க? நேத்தே வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னனே!"

"சொன்னீங்க அம்மணி. இல்லைங்கல."

"அப்பறம்?"

"பெரியவரு அவசரமாக் கெளம்பறேன்னாரு. நிக்க வெக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க."

கோபப்படுகிற ஆளோடு சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டுகிற ஆளோடு எப்படிப் போடுவது? அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து இழுத்தார். "விடு, அவரு மனசு சங்கடப்படுது பாரு" என்றார். "ஏனுங்க, எம்மனசு என்ன கல்லா?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்தேன். திரைக்குப் பின்னால் என் மகள் பொன்னாடையை மடித்துக்கொண்டு நின்றாள். அழவெல்லாம் இல்லை. ஒழுங்காக, மூலைக்கு மூலை வைத்து மடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

என் சத்தம் தாங்காமலோ என்னவோ, நிர்வாகி இறங்கி வந்தார். "கோச்சுக்காதீங்க அம்மணி. நன்றியுரை முடிஞ்சதும் பாப்பா மிச்சத்த வாசிக்கட்டும். ஆரும் குறுக்க வர மாட்டாங்க."

குறுக்கே யாரும் வர மாட்டார்கள்தான். நன்றியுரை முடிந்தால் பந்தி. பந்தி என்றால் மண்டபமே காலியாகிவிடும். அதுவும் சாப்பாட்டுக் கூடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான், நடுவில் ஒரு பெரிய இரட்டைக் கதவு. ஆனாலும் கிடைத்ததை விடக் கூடாது என்று டீச்சரிடம் ஓடினேன். பசியோடு இருந்த பிள்ளைகளை அவர் எப்படியோ கெஞ்சிப் பிடித்து வைத்தார். வீட்டுக்காரரிடம் போனைக் கொடுத்து, முன்னால் உட்கார்ந்து வீடியோ எடுக்கச் சொன்னேன். பின்வரிசையில் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன். யாராவது சத்தம் போட்டால் அடக்குவதற்கு அதுதான் தோதான இடம்.

நன்றியுரை முடிந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். ஒரு கூட்டம் எழுந்து போனது. மேடையில் பிள்ளைகள் மறுபடி உட்கார்ந்தார்கள். என் மகள் மைக்கில் ஏதோ சொன்னாள். அந்த நேரத்தில் கதவுக்குப் பின்னால் பாத்திரம் இறக்குகிற சத்தம் கேட்டதால் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பிறகு பட்டாளம் மெதுவாக ஆரம்பித்தது. என் மகள் வில்லை வைத்தாள். முதல் ஸ்வரம் நீளமாக வந்தது.

டங்கென்று உள்ளே ஒரு குண்டா விழுந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "ஏனுங்க! சத்தம் போடாதீங்க! அங்க புள்ள வாசிச்சிட்டு இருக்குது!" பரிமாறுகிற ஆள் அரிசி பருப்பு சாதத்துப் பாத்திரத்தோடு அப்படியே நின்று, "சரிங்க்கா" என்றான். இந்தப் பக்கம் டம்ளர்கள் உருண்டன. அங்கே ஓடினேன். கை கழுவுகிற இடத்தில் ஒரு கும்பல் தென்னந்தோப்பு விலை பேசிக்கொண்டிருந்தது. "சித்த பேசாம இருங்க!" என்றேன். "ஏனுங்க அம்மணி, எலை போட்டாச்சு, மொதல்ல உக்காந்து சாப்புடுங்க" என்று ஒரு பெரியவர் எனக்கு இடம் காட்டினார். "சாப்பாடு இருக்கட்டுங்க!" "அட, வெறும் வயித்தோட நிக்கறீங்களே, ஒரு வாய் சாப்புட்டுப் போட்டுப் போங்க." அவரைத் தாண்டி வந்தால் கதவை யாரோ திறந்து போட்டிருந்தார்கள். அதைச் சாத்தினேன். இன்னொருத்தர் திறந்துகொண்டு வந்தார். "ஏம்ப்பா, கதவச் சாத்துன்னா சாத்தமாட்டீங்களா? மனுசங்கதான நீங்க!" என்று கத்திவிட்டு, சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமாக நின்று இரண்டு கதவுகளையும் முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு வழியாக எல்லாம் அடங்கி நான் மண்டபத்துக்குள் திரும்பியபோது உள்ளே வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி. அதுவும் முடியப்போகிற சமயம். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நிர்வாகிதான் முதலில் தட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் ஹாஸ்டலுக்குத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "கண்ணு, நடுவுல இருக்கறத ஒரே ஒரு தடவ எனக்கு வாசிச்சுக் காட்டேன்" என்று கேட்டேன்.

"தனியாவா? அது நல்லாருக்காதும்மா. அவங்கல்லாம் இருந்தாத்தான். அப்பா வீடியோ எடுத்திருக்காரே, பாரு."

மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தோம். வீடியோவில் அவள் மைக்கைப் பிடித்துச் சிரிக்கிறாள். "இது இன்னும் முடியலைங்க. இன்னும் ரெண்டு இருக்குது. நான் வயலினக் கீழ எறக்குன பொறவு கை தட்டுங்க" என்கிறாள். பந்திக்குப் போகாமல் மிச்சம் இருந்த ஜனம் சிரித்துக்கொண்டே சரி சரி என்கிறது. எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டாள்! அதற்குப் பிறகு ஒரு ஆள் அசையவில்லை. ஒரு இருமல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குண்டா விழுந்ததோ டம்ளர் உருண்டதோ எதுவும் அந்தப் பதிவில் இல்லை. வயலின் மட்டும் இருக்கிறது. நான் படியில் கேட்டதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக வந்து சேருகிற இடம் வருகிறது, எல்லோரும் மூச்சைக் குறைத்து மிக மெல்ல வாசிக்கிறார்கள்.

"ஏம்ப்பா, கதவச் சாத்துன்னா சாத்தமாட்டீங்களா? மனுசங்கதான நீங்க!"

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பது தெரிகிறது. மேடையில் என் மகள் ஒரு நொடி கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டு, வாசித்துக்கொண்டே போகிறாள்.

என் வீட்டுக்காரர் சட்டென்று போனை நிறுத்தினார். "பரவால்ல, அவ்வளவாக் கேக்கல" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அவள் மடித்த சுடிதாரைப் பெட்டியில் வைத்தாள். "வாசிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னால நீ எங்க உக்காந்திருக்கறேன்னு தேடுனேன்மா. கதவோரம் இருந்த. அப்பறம் பாத்தா காணோம். அந்தச் சத்தம் கேட்ட பொறவுதான் நீ வெளியில இருக்கறது தெரிஞ்சுது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குள் அத்தனை வருஷத்துக் கோபமும் அப்படியே இருந்தது, காட்டத்தான் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.